கருந்துளையும் புழுத்துளையும்: ஒரு கட்டுரைத் திருத்தத்தில் நான் செய்த பிழை



சென்ற ஆண்டு என் படிவம் மூன்று மாணவர்களிடம் ‘விண்வெளியில் ஒரு நாள்’ என்ற தலைப்பைக் கொடுத்துக் கற்பனைக் கட்டுரை எழுதச் சொன்னேன். பாதிப் பேருக்கு மேல் ஒரே கதை. விண்கலம் கருந்துளைக்குள் இழுக்கப்படுகிறது, மறுபக்கம் வேறொரு அண்டத்தில் பத்திரமாக வெளியே வருகிறது, அங்கே இரண்டு தலை மனிதர்கள், பிறகு அம்மா எழுப்பிவிடுகிறார். (கனவில் முடியாத கற்பனைக் கட்டுரை உங்கள் வகுப்பில் வந்தால் எனக்கும் அனுப்பி வையுங்கள்.)

ஒரு மாணவனின் கட்டுரை மட்டும் வேறு மாதிரி இருந்தது. அவன் கதையில் இரண்டு கலங்கள். ஒன்று கருந்துளையை நோக்கி விழுகிறது. மற்றொன்றிலிருந்து நண்பன் பார்த்துக்கொண்டிருக்கிறான். விழுகிற கலம் போகப் போக மெதுவாகிறது, சிவப்பாகிறது, மங்கி மறைகிறது. அவ்வளவுதான், கட்டுரை முடிந்துவிட்டது. நான் சிவப்பு மையில், ‘முடிவு இல்லை. கதைமாந்தர் வெளியே வந்தாரா?’ என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

ஓய்வு நேரத்தில் அவன் வந்தான். “சார், அவன் வெளிய வர முடியாது சார். வெளிய வரணும்னா அது புழுத்துளையா இருக்கணும். நான் எழுதுனது கருந்துளை.”

நான் சொன்ன பதிலை இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. “ரெண்டும் துளைதானேப்பா. கற்பனைதானே, வெளிய கொண்டு வந்திருக்கலாம்ல?”

“சரி சார்” என்று போய்விட்டான். வாதாடவில்லை. வாதாடியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

நான் தமிழில் பட்டம் பெற்று, ஆசிரியர் பணிக்கான பட்டமேற்படிப்பு டிப்ளோமா முடித்தவன். இயற்பியலைப் படிவம் ஐந்தோடு விட்டாயிற்று. ஆனாலும் அன்றிரவு உட்கார்ந்து படித்தேன். அவன் எழுதிய ஒவ்வொரு வரியும் சரி. மற்ற பாதி வகுப்பு எழுதியதற்குத்தான் நான் ‘நல்ல கற்பனை’ போட்டிருந்தேன். அந்தக் கட்டுரை என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன், அன்று முதல் நான் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நம் மேசைக்கும் இந்த மாதிரிக் கட்டுரைகள் வந்துகொண்டேதான் இருக்கும்.

குழப்பத்தில் நம் மொழிக்கும் பங்கு உண்டு

இரண்டு பெயரிலும் ‘துளை’ இருக்கிறது. நமக்குத் துளை என்றால் மூங்கிலில் போட்ட துளை, காது குத்திய துளை. ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வந்துவிடும். அந்தப் பொருள் புழுத்துளைக்கு அப்படியே பொருந்தும். கொய்யாப்பழத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போக வேண்டிய புழு, தோலின் மேலேயே ஊர்ந்து சுற்றிப் போகலாம். பழத்தைக் குடைந்துகொண்டு நேராகவும் போகலாம். குடைந்த வழி குறுக்குவழி. வெளியில் மிகத் தொலைவில் உள்ள இரண்டு இடங்களை இப்படி ஒரு குறுக்குவழி இணைத்தால் அதுதான் புழுத்துளை.

கருந்துளையோ துளையே இல்லை. அது ஒரு பொருள். பெரும் நிறை மிகச் சிறிய இடத்துக்குள் நொறுங்கிப் போன நிலை. மறுபக்கம் என்று அதற்கு ஒன்றும் கிடையாது. மலாயில் ‘லோஹோங் ஹீத்தாம்’ என்று படித்து வருகிற பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான், அங்கேயும் ‘ஓட்டை’ என்ற எண்ணமே முதலில் வருகிறது. ஆக, தமிழை மட்டும் குறை சொல்ல முடியாது.

காரக் நெடுஞ்சாலையில் போனவர்களுக்குக் கெந்திங் செம்பா சுரங்கப்பாதை தெரிந்திருக்கும். மலையைச் சுற்றி வளைந்து வளைந்து ஏறி இறங்குவதற்குப் பதில், மலைக்குள்ளே புகுந்து அந்தப் பக்கம் வந்துவிடுகிறோம். வகுப்பில் புழுத்துளைக்கு இதைத்தான் சொல்கிறேன். இரண்டு வாய், நடுவில் ஒரு கழுத்து.

கருந்துளைக்கு இயற்பியலாளர்கள் சொல்லும் அருவி உவமை நன்றாக எடுபடுகிறது. ஆற்றில் ஒரு மீன் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகிறது. அருவியை நெருங்க நெருங்க நீரின் வேகம் கூடுகிறது. ஓரிடத்தில் நீரின் வேகமும் மீனின் உச்ச வேகமும் சமமாகிவிடுகின்றன. அந்த இடத்தைத் தாண்டிவிட்டால், மீன் எவ்வளவு முயன்று நீந்தினாலும் கீழேதான் போகும். அந்த இடத்தில் சுவர் இல்லை, கதவு இல்லை, பலகை வைத்து எழுதிப் போடவும் இல்லை. மீனுக்குப் பதில் ஒளியை வைத்துப் பாருங்கள். அந்த எல்லைதான் ‘நிகழ்வெல்லை’. விநாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒளியே திரும்ப முடியாது என்றால், நம் மாணவர்களின் விண்கலம் எம்மாத்திரம்?

அளவு சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. பூமி முழுவதையும் நசுக்கி ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக்கினால் அது கருந்துளையாகிவிடும். ஒரு கோலிக்குண்டு. மலை, கடல், பள்ளிக்கூடம், நாம் திருத்தாமல் வைத்திருக்கும் கட்டுரைகள் எல்லாம் அதற்குள். சூரியனுக்கு அந்த ஆரம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். இங்கே ஒரு மாணவி கேட்டாள், “அப்போ சூரியன் கருந்துளையானா நம்மள இழுத்துக்குமா சார்?” இழுக்காது. நிறை அதேதான் என்பதால் பூமி அதே பாதையில் சுற்றிக்கொண்டிருக்கும். இருட்டும் குளிரும்தான் நம்மைக் கொல்லும். கருந்துளை தூசி உறிஞ்சும் இயந்திரம் மாதிரி எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டே இருப்பதில்லை. மிக அருகில் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து. (உண்மையில் சூரியன் கருந்துளையாகவே ஆகாது, அதற்கு அவ்வளவு நிறை இல்லை.)

அருகில் போனால் என்ன ஆகும்? விண்மீன் அளவிலான கருந்துளை என்றால், காலைப் பிடித்து இழுக்கும் ஈர்ப்புக்கும் தலையை இழுக்கும் ஈர்ப்புக்கும் உள்ள வேறுபாடே ஆளை நீளமாக இழுத்துவிடும். ஆங்கிலத்தில் இதற்கு ஸ்பகெட்டியை வைத்துப் பெயர் சொல்கிறார்கள். நான் மீகூன் என்று சொல்கிறேன், உடனே புரிகிறது. மிகப் பெரிய கருந்துளையில் இந்த வேறுபாடு எல்லைக்கு அருகில் சிறிதாகவே இருக்கும். எல்லையைத் தாண்டியதுகூட விழுபவருக்குத் தெரியாமல் போகலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ அவர் மெதுவாகி, சிவந்து, மங்கிக்கொண்டே போவதாகத் தெரியும். என் மாணவன் எழுதியது இதைத்தான்.

சென்னையிலிருந்து கப்பலேறிய கணக்கு

இந்த இடத்தில் நம்மவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுப்பிரமணியன் சந்திரசேகர் லாகூரில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1930-இல், 19 வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போனபோது போட்ட கணக்கு ஒன்று. எரிபொருள் தீர்ந்த விண்மீன் வெண்குள்ளனாகச் சுருங்கி அமைதியாகிவிடும் என்று அதுவரை நினைத்தார்கள். சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் அப்படி அமைதியாக முடியாது, மேலும் சுருங்கியே தீரும் என்று அவர் கணக்குக் காட்டியது. 1935-இல் லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் இதை வெளிப்படையாகவே மறுத்தார். எடிங்டனின் பெயருக்கு முன்னால் இளைஞர் ஒருவரின் கணக்கு எடுபடவில்லை. நோபல் பரிசு வந்தது 1983-இல்.

தமிழாசிரியர்களுக்காக இன்னொரு செய்தி: அவருடைய தாயார் சீதாலட்சுமி, இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். அறிவியல் கட்டுரைக்கு நடுவில் இதைச் சொன்னால் வகுப்பில் சிலர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

இன்று கருந்துளைக்குச் சான்றுகள் ஏராளம். 2015 செப்டம்பர் 14-இல் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான ஈர்ப்பலை அமெரிக்காவின் லைகோ கருவிகளில் பதிவானது. 2019 ஏப்ரலில் எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் வெளியானது. நெருப்பு வளையமும் நடுவில் இருட்டுமாக, நாளிதழில் பார்த்திருப்பீர்கள். 2022 மே மாதம் நம் பால்வெளியின் மையத்திலுள்ளதன் படமும் வந்தது. அதன் நிறை சூரியனைப்போல் 4 மில்லியன் மடங்குக்கும் மேல், தொலைவு ஏறக்குறைய 27,000 ஒளியாண்டுகள். அதைச் சுற்றும் விண்மீன்களைப் பல ஆண்டுகள் விடாமல் கவனித்த ரைன்ஹார்ட் கென்சல், ஆண்ட்ரியா கெஸ் இருவருக்கும் 2020-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

புழுத்துளைக்கு இப்படி ஒரு சான்றுகூட இல்லை. யாரும் பார்த்ததில்லை, அதிலிருந்து எந்தச் சமிக்ஞையும் வந்ததில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள முதல் வேறுபாடாக இதைத்தான் நான் இப்போது சொல்லிக்கொடுக்கிறேன்.

இரண்டும் ஒரே தாளில் பிறந்தவை

‘சரி, அப்படியானால் புழுத்துளை வெறும் கட்டுக்கதையா?’ என்று கேட்பீர்கள். இல்லை. இங்கேதான் விஷயம் சுவையாகிறது. மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

ஐன்ஸ்டைன் 1915-இல் பொதுச் சார்பியல் கோட்பாட்டை வெளியிட்டார். உடனே முதல் உலகப் போரில் ரஷ்யப் போர்முனையில் இருந்த கார்ல் ஷ்வார்ட்ஷில்ட், அந்தச் சமன்பாடுகளுக்கு ஒரு விடையைக் கண்டுபிடித்தார். அது 1916-இல் வெளியானது, அதே ஆண்டு மே மாதம் அவர் இறந்தும் போனார். கருந்துளையைப் பற்றிய கணக்கெல்லாம் அந்த விடையிலிருந்து தொடங்குகிறது. 1935-இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் அதே விடையை வேறு விதமாக எழுதிப் பார்த்தபோது, இரண்டு தனித்தனி வெளிகளை இணைக்கும் ஒரு ‘பாலம்’ அதில் இருப்பது தெரிந்தது. ஐன்ஸ்டைன்-ரோசன் பாலம் என்று பெயர். சார்ல்ஸ் மிஸ்னரும் ஜான் வீலரும் 1957-இல் எழுதிய கட்டுரையில்தான் அதற்குப் ‘புழுத்துளை’ என்ற பெயர் வந்தது.

அதாவது காகிதத்தில் பார்த்தால் கருந்துளையின் கணக்குக்குள்ளேயே ஒரு புழுத்துளை ஒளிந்திருக்கிறது. அப்படியானால் என் மாணவர்களின் விண்கலம் மறுபக்கம் போகலாமே?

போக முடியாது, இரண்டு காரணங்கள். ஒன்று, 1962-இல் ராபர்ட் ஃபுல்லரும் வீலரும் அந்தப் பாலத்தின் கழுத்து திறந்த வேகத்திலேயே இறுகி அறுந்துபோகிறது, ஒளிகூடக் கடந்து போக நேரம் இல்லை என்று காட்டினார்கள். நெடுஞ்சாலைச் சுரங்கத்துக்குள் நீங்கள் நுழைந்த உடனே நடுப்பகுதி மூடிக்கொண்டால் எப்படி? அந்த மாதிரி. இரண்டு, அந்தப் பாலம் என்றென்றும் இருந்துவரும் ஒரு கருந்துளையின் கணக்கில்தான் வருகிறது. விண்வெளியில் உண்மையில் இருக்கும் கருந்துளை ஒரு காலத்தில் விண்மீனாக இருந்து நொறுங்கியது. நொறுங்கிய பொருளே அந்த இடத்தை அடைத்துக்கொள்வதால், கணக்கில் வரும் ‘மறுபக்கம்’ அங்கே உருவாகவே இல்லை.

நம் பாடநூல்களிலும் காணொலிகளிலும் கருந்துளையைப் புனல் மாதிரி வரைகிறார்கள், பார்த்திருப்பீர்கள். புனல் என்றாலே அடியில் ஓட்டை இருக்கும், எங்கேயோ ஒழுகும் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். புழுத்துளைப் படத்திலோ இரண்டு புனல்களை வாலோடு வால் ஒட்டியிருப்பார்கள். முதல் படத்தைப் பார்த்த பிள்ளை இரண்டாவது படத்தை மனத்துக்குள் தானே வரைந்துகொள்கிறது. வேறொரு குறையும் அந்தப் படங்களில் உண்டு. அவை முப்பரிமாண வெளியைத் தட்டையான தாளாகச் சுருக்கியவை. உண்மையில் கருந்துளையின் எல்லையும் புழுத்துளையின் வாயும் வட்டமாக அல்ல, உருண்டையாக இருக்கும்.

நாவலாசிரியருக்கும் வந்த அதே குழப்பம்

கார்ல் சேகன் பெரிய வானியலாளர். ‘காண்டாக்ட்’ என்ற அவருடைய நாவல் 1985-இல் வந்தது. அதை எழுதும்போது, கதாநாயகியைக் கருந்துளை ஒன்றுக்குள் அனுப்பி வேகா விண்மீன் அருகே வெளியே கொண்டுவருவதாகத்தான் முதலில் வைத்திருந்தார். என் படிவம் மூன்று பிள்ளைகள் எழுதிய அதே கதை! ஆனால் அவர் நண்பர் கிப் தோர்னிடம், ‘இது சரியா?’ என்று கேட்டார். கருந்துளையில் முடியாது, புழுத்துளையாக மாற்றுங்கள் என்றார் தோர்ன். சேகன் மாற்றிக்கொண்டார். கற்பனைதானே என்று அவர் விட்டுவிடவில்லை என்பதைப் படித்தபோது, ஓய்வு நேரத்தில் நான் சொன்ன பதில் மறுபடியும் காதில் கேட்டது.

அந்தக் கேள்வியைத் தோர்னும் அப்படியே விடவில்லை. மனிதர் கடந்துபோகக்கூடிய புழுத்துளை எப்படி இருக்க வேண்டும் என்று தம் மாணவர் மைக்கேல் மோரிஸோடு சேர்ந்து கணக்குப் போட்டார். 1988-இல் வெளியான அந்தக் கட்டுரையின் துணைத்தலைப்பே, பொதுச் சார்பியலைக் கற்பிக்க ஒரு கருவி என்று பொருள்படும். வெளியானதும் இயற்பியல் கற்பித்தலுக்கான ஓர் இதழில்தான். பாடத்துணைப்பொருள் தயாரிக்கிற நமக்கெல்லாம் கொஞ்சம் பெருமையாக இல்லையா?

அந்தக் கணக்கின் முடிவு இதுதான்: கழுத்து மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்க வேண்டுமானால் எதிர்மறை ஆற்றல் கொண்ட ஒரு விநோதப் பொருள் தேவை. நமக்குத் தெரிந்த கல், மண், ஒளி எல்லாம் ஈர்க்கும். இந்தப் பொருள் விலக்கித் தள்ள வேண்டும். மிக நுண்ணிய அளவில் எதிர்மறை ஆற்றல் போன்ற விளைவு ஆய்வுக்கூடத்தில் தெரிகிறது. மிக நெருக்கமாக வைத்த இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே வரும் கசிமிர் விளைவு அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் ஒரு விண்கலம் போகிற அளவுக்கு வாயைத் திறந்து வைக்கும் விநோதப் பொருள் எதுவும் யாரிடமும் இல்லை.

2014-இல் வந்த ‘இன்டர்ஸ்டெல்லார்’ படத்துக்கும் இதே தோர்ன்தான் அறிவியல் ஆலோசகர். மாணவர்கள் பெரும்பாலும் குழம்புவது இந்தப் படத்தால்தான், ஏனென்றால் அதில் இரண்டுமே வருகின்றன. சனிக்கோளுக்கு அருகே இருப்பது புழுத்துளை, அதன் வழியாகப் போய் வேறொரு விண்மீன் மண்டலத்தை அடைகிறார்கள். அங்கே இருக்கும் ‘கார்கான்டுவா’ கருந்துளை. கதாநாயகன் கடைசியில் அதற்குள் விழுந்தும் உயிரோடு திரும்புகிறான். அந்தக் கடைசிப் பகுதி கதைக்காகச் செய்துகொண்டது. வகுப்பில் காட்டுவதாக இருந்தால் புழுத்துளை உருண்டையாகத் தெரியும் காட்சியைக் காட்டுங்கள், மேலே சொன்ன தாள் படத்தின் குறையை அது தீர்த்துவைக்கும்.

2022 இறுதியில் ‘விஞ்ஞானிகள் புழுத்துளையை உருவாக்கிவிட்டார்கள்’ என்று ஒரு செய்தி வந்ததே, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது குவாண்டம் கணினி ஒன்றில் செய்த ஒரு போலச்செய்தல். விண்வெளியில் எந்த வழியும் திறக்கவில்லை. அப்படிப்பட்ட செய்தி உங்கள் புலனக் குழுவுக்கு வந்தால் வினைமுற்றைப் பாருங்கள்.

வினைமுற்று என்றதும் நம் பாடத்துக்கு வந்துவிட்டோம். இப்போது நான் செய்கிற பயிற்சி எளிமையானது. பெயர்ச்சொல்லை வெண்பலகையில் எழுதிவிட்டு, அதற்குப் பொருந்தும் வினையை மாணவர்களிடம் கேட்கிறேன். கருந்துளையில் விழலாம், அதைச் சுற்றலாம், அது வளரும், மோதும், ஒன்று சேரும். புழுத்துளையைக் ‘கடக்கலாம்’, ஆனால் அந்த வாக்கியத்துக்கு முன்னால் ‘இருந்தால்’ வந்தே ஆக வேண்டும். ‘பால்வெளியின் நடுவில் ஒரு கருந்துளை இருக்கிறது.’ ‘புழுத்துளை ஒன்று இருந்து, அது மூடாமலும் இருந்தால், தொலைவிலுள்ள இடத்தை விரைவில் அடையலாம்.’ நிபந்தனை எச்சத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. கூடவே புணர்ச்சியும் கிடைக்கிறது: கருமை + துளையில் ஈறு போய், இனம் மிகுந்து கருந்துளை. புழு + துளையில் வல்லினம் மிகுந்து புழுத்துளை. புழுத்துளையை எந்தத் தொகையாக விரிப்பது என்பதை நீங்களே வகுப்பில் விவாதத்துக்கு விடுங்கள், என் வகுப்பில் இருபது நிமிடம் ஓடியது.

அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். மறுவாரம் அவனுடைய கட்டுரை ஏட்டைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். நான் எழுதியதை அடித்துவிட்டு, ‘முடிவு சரி. திருத்தியவர்தான் தவறு’ என்று எழுதித் தேதி போட்டேன், குறைத்த மதிப்பெண்ணையும் சேர்த்தேன். மற்றவர்களிடம், உங்கள் கலத்தைப் புழுத்துளைக்கு மாற்றி ஒரு பத்தி மட்டும் திருத்தி எழுதுங்கள் என்றேன். அவன் ஏட்டை வாங்கிப் பார்த்தான், இரண்டு பக்கம் புரட்டினான்.

“சார், ‘சிவப்பாகி’னு எழுதாம ‘சிகப்பாகி’னு எழுதியிருக்கேன். அதுக்கு மார்க் குறைக்கலையா?”

குறைத்தேன். அரை மதிப்பெண்.